சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி யார் பணம்?

கிளட்ச் ரிலீஸ் பேரிங் உள்ளங்கையில் அடங்கும் பொருள். அது இருக்கும் இடம்தான் சிக்கல். முன்சக்கர இயக்கம் கொண்ட சிறிய காரில் அதைத் தொட வேண்டுமானால் பேட்டரியையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் கழற்றி, கியர் ஆயிலை வடித்து, டிரைவ் ஷாஃப்டுகளை உருவி, எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்து, கியர்பாக்ஸை இழுத்து இறக்க வேண்டும். மெக்கானிக்கும் ஓர் உதவியாளும் சேர்ந்தால் பாதி நாள் வேலை. துருவேறிய போல்ட் ஒன்று முரண்டு பிடித்தால் முழு நாள். புதிதாகப் போட்ட பேரிங் மூன்று வாரத்தில் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தால், இத்தனையையும் மறுபடி முதலிலிருந்து செய்தாக வேண்டும்.

அப்போது ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

“அண்ணே, போட்டு ஒரு மாசம்கூட ஆகலை. சத்தம் வருது.”

“பழசைக் கொண்டா தம்பி, வேற தர்றேன்.”

“கியர்பாக்ஸை மறுபடி இறக்கணுமேண்ணே. லேபர் யாரு குடுப்பா?”

“கம்பெனிக்காரனே எனக்குப் பார்ட்டுக்குப் பார்ட்டுதான் தர்றான். லேபருக்கு நான் எங்க போறது?”

கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. அவருக்கு மேலே இருக்கும் விநியோகஸ்தரும் அதையேதான் சொல்வார். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் வாரண்டிச் சீட்டிலும் பெரும்பாலும் அந்த வாசகமே அச்சாகியிருக்கும்: பழுதான பாகம் மாற்றித் தரப்படும், கழற்றி மாட்டும் கூலிக்கோ வேறு இழப்புக்கோ பொறுப்பில்லை. ஆக, பாகத்தின் விலை வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. கூலி மட்டும் கீழேயே தங்குகிறது. வண்டிக்காரரும் மெக்கானிக்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டு, பழக்கத்துக்கும் பெருந்தன்மைக்கும் ஏற்றபடி அதைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி இந்தத் தொழிலுக்கு அச்சாகப் பொருந்தும். கால் பணத்தைத் திருப்பித் தர எல்லோரும் தயார். முக்கால் பணத்துக்குத்தான் ஆளில்லை.

அந்த முக்கால் பணம் நியாயப்படி யாருடையது? தொழில் வழக்கம் ஒரு பதில் சொல்கிறது. இந்தியச் சட்டத்தைக் கூர்ந்து படித்தால் வேறு பதில் கிடைக்கிறது. ஜெர்மனி 2018-ல் தன் சட்டத்தையே இதற்காகத் திருத்தியது. மூன்றையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்.

யார் வாங்கியது, யார் மாட்டியது

எல்லாத் தகராறும் ஒரே வகை அல்ல. பாகத்தை விற்றவரும் மாட்டியவரும் ஒருவரா, இருவரா என்பதில்தான் முதல் பிரிவு தொடங்குகிறது.

கார் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பாகமும் கூலியும் ஒரே பில்லில் வரும். புது வண்டியின் வாரண்டிக் காலத்துக்குள் பழுதானால், டீலர் வேலையைச் செய்துவிட்டு, கம்பெனிக்கு கிளெய்ம் அனுப்புவார். ஒவ்வொரு வேலைக்கும் கம்பெனி நிர்ணயித்த நேரக் கணக்கு உண்டு. அதன்படி டீலருக்குக் கூலி வரவாகும். பாகத்தைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் மீது குற்றம் என்றால் கார் கம்பெனி அங்கே கணக்குத் தீர்த்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டில் வண்டிக்காரர் கண்ணுக்குக் கூலி தெரிவதே இல்லை. கூலி மேலே ஏற வழி இருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. வழி போட்டவர்களுக்கு மட்டும் அது திறந்திருக்கிறது.

இரண்டாவது வகை, தனியார் ஒர்க்‌ஷாப். மெக்கானிக்கே கடையிலிருந்து பாகத்தை வாங்கி, தன் லாபத்தை வைத்து, மாட்டிக் கொடுக்கிறார். தமிழ்நாட்டில் வாரண்டி முடிந்த கார்களில் பெரும்பகுதி இந்த வழியில்தான் ஓடுகிறது. கூலித் தகராறின் களமும் இதுதான்.

மூன்றாவது, வண்டிக்காரரே இணையத்திலோ சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடையிலோ பாகத்தை வாங்கி வந்து, “இதை மாட்டிக் குடுங்க” என்பது. இங்கே மெக்கானிக் தன் கைவேலையை மட்டுமே விற்கிறார். புதுப்பேட்டையில் கழற்றிய பழைய பாகத்தை வாங்கி வருவதும் இதில் சேரும். “ஓடும்வரை ஓடும்” என்று இரு தரப்பும் அறிந்தே நடக்கும் வியாபாரம் அது. அங்கே உத்தரவாதத்தைப் பற்றிப் பேசவே இடம் குறைவு.

நான்காவது, பாதுகாப்புக் குறைக்காகக் கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைப்பது. இதில் தகராறு கிடையாது. பாகமும் கூலியும் இலவசம். டக்காட்டா நிறுவனத்தின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்கள் வெடிக்கத் தொடங்கியபோது அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6.7 கோடி ஏர்பேக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த நிறுவனம் 2017-ல் திவாலானது. அதற்குப் பிறகும் மாற்றும் பொறுப்பிலிருந்து கார் கம்பெனிகள் விலக முடியவில்லை. இந்தியாவில் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, ஒரு பாகத்தில் குறை இருந்தால் அந்தப் பாகம் பொருத்திய எல்லா வண்டிகளையும் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. உயிருக்கு ஆபத்து என்றால் கூலியைப் பற்றி யாரும் பேரம் பேசுவதில்லை. பேரமெல்லாம் பணத்துக்கு மட்டும் ஆபத்தான பழுதுகளில்தான்.

கடைக்காரர் தரப்பு

கூலி தர மறுப்பவர்களின் வாதத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. 600 ரூபாய் பாகத்தில் சில்லறைக் கடைக்காரருக்கு நிற்கும் லாபம் சொற்பம். அந்த லாபத்திலிருந்து 5,000 ரூபாய் கூலி கொடுக்க ஆரம்பித்தால் ஒரு திரும்பல் பல விற்பனையின் லாபத்தைத் தின்றுவிடும். பாகத்தை மாட்டுபவர் யார், அவர் கை எப்படி என்பது கடைக்காரருக்குத் தெரியாது. கூலியின் அளவும் ஊருக்கு ஊர், ஷெட்டுக்கு ஷெட் மாறும்.

இன்னும் வலுவான வாதம் ஒன்று உண்டு. திரும்பி வரும் பாகங்களில் எல்லாமே பழுதான பாகங்கள் அல்ல. கிராங்க் ஆயில் சீலைச் சாய்வாக அடித்து இறக்கினால் அதன் உதடு மடங்கிவிடும். புது சீலாக இருந்தாலும் ஆயில் கசியும். ஷாஃப்டில் பழைய சீல் அரைத்த பள்ளம் இருந்தாலும் கசியும். கிளட்ச் ஃபோர்க் தேய்ந்திருந்தால் எந்தக் கம்பெனி பேரிங்கும் நெடுநாள் தாங்காது. பேட்டரி செத்துக்கொண்டிருக்கும்போது ஆல்டர்னேட்டரை மட்டும் மாற்றினால் புதிய ஆல்டர்னேட்டர் ஓயாமல் முழுச் சுமையில் ஓடிச் சூடேறும்.

டர்போவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். டீசல் காரின் டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் அது மிதக்கிறது. பழைய டர்போ போனதற்குக் காரணம் எண்ணெய் வரும் குழாயில் கரி அடைத்ததுதான் என்றால், அந்தக் குழாயையும் சம்ப்பையும் சுத்தம் செய்யாமல் புது டர்போ மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். அதனால்தான் டர்போ கம்பெனிகள் கிளெய்ம் வந்தால் முதலில் பிரித்துப் பார்ப்பது பேரிங்கை. எண்ணெய் பற்றாமல் உராய்ந்த ஷாஃப்ட் நீலம் பாய்ந்திருக்கும். அழுக்கு எண்ணெயில் ஓடியது கோடுகோடாகக் கீறியிருக்கும். இரண்டில் ஒன்று தெரிந்தாலும் கிளெய்ம் தள்ளுபடி. கூலி என்ன, பாகமே கிடைக்காது.

ஆகவே “கூலி யார் தருவது” என்ற கேள்விக்கு முன் “எதனால் போனது” என்ற கேள்வி நிற்கிறது. மாட்டிய கை தவறு என்றால் கூலி மாட்டியவருடையது. அதில் வாதமே இல்லை. வண்டியில் இருந்த வேறொரு கோளாறு காரணம் என்றால், அதை மெக்கானிக் கண்டிருக்க வேண்டுமா என்பதைப் பொறுத்தது. பாகமே உற்பத்தியில் பழுது என்று தெரிந்த பிறகும் கூலியைக் கீழே விட்டுவிடுவதுதான் இங்கே நம் பொருள். கடைக்காரரின் வாதங்கள் அந்த இடத்தில் வலுவிழக்கின்றன. லாபம் சொற்பம் என்பது சில்லறைக் கடைக்குப் பொருந்தலாம். லட்சக்கணக்கில் பேரிங் செய்யும் ஆலைக்கு, எத்தனையில் ஒன்று பழுதாகும் என்பது தெரியும்; அந்தச் செலவை ஒவ்வொரு பாகத்தின் விலையிலும் சில காசுகளாகப் பரப்பவும் முடியும். ஒற்றை மெக்கானிக்கால் அது முடியாது.

பாகம் போட்டுக் கொடுத்தவர் பொறுப்பு

வண்டிக்காரருக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் இடையிலான சட்டநிலை, தொழிலில் நினைப்பதைவிட வண்டிக்காரருக்குச் சாதகமானது. 1930-களில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. காரைப் பழுதுபார்த்த ஒர்க்‌ஷாப், கார் கம்பெனியிடமிருந்தே வாங்கிய கனெக்டிங் ராடுகளைப் போட்டது. அவற்றில் ஒன்று, வெளியே தெரியாத குறையால் உடைந்து எஞ்சினைச் சேதப்படுத்தியது. ஒர்க்‌ஷாப்பின் கவனக்குறைவு என்று எதுவும் இல்லை. நல்ல இடத்தில் வாங்கி, நன்றாகவே மாட்டியிருந்தார்கள். ஆனாலும் பொறுப்பு ஒர்க்‌ஷாப்புக்கே என்று தீர்ப்பானது. வேலையும் பொருளும் சேர்த்துத் தருகிறவர், அந்தப் பொருள் தரமானது என்பதற்கும் வாக்குக் கொடுத்தவராகிறார் என்பது அதன் சாரம். மையர்ஸ் எதிர் பிரென்ட் கிராஸ் சர்வீஸ் என்ற அந்த வழக்கு இன்றும் பொதுச்சட்ட நாடுகளில் எடுத்துக்காட்டப்படுகிறது.

வண்டிக்காரரே “இந்த பிராண்டுதான் வேணும்” என்று சொல்லியிருந்தால்? 1960-களின் இறுதியில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை ஒரு கூரை ஓட்டு வழக்கில் இதற்குப் பதில் சொன்னது. ஓட்டின் வகையைக் குறிப்பிட்டுக் கேட்டவர் வேலை கொடுத்த தரப்பு. அந்த வேலைக்கு அது பொருந்துமா என்ற பொறுப்பு அதனால் ஒப்பந்தக்காரரை விட்டுப் போகலாம். தரத்துக்கான பொறுப்பு போகாது என்றது சபை. அதற்குச் சொன்ன காரணம்தான் நம் கேள்விக்கு முக்கியம். ஒப்பந்தக்காரர் தனக்கு விற்றவரிடம் கேட்கலாம், அவர் தனக்கு விற்றவரிடம் கேட்கலாம், கடைசியில் குறை செய்த ஆலையிடம் கணக்கு போய்ச் சேரும். கீழே இருப்பவர் மீது பொறுப்பைச் சுமத்துவது நியாயமாவது, மேலே போக ஏணி இருப்பதால்தான். ஏணி இல்லாத இடத்தில் அந்த நியாயம் பாதியாகிவிடுகிறது.

ஏணியின் முதல் படி: 73-வது பிரிவு

இந்தியாவில் அந்த ஏணி காகிதத்தில் இருக்கிறது. சரக்கு விற்பனைச் சட்டம், 1930-ன் 16-வது பிரிவின்படி, விற்பனையாளரிடம் தேவையைச் சொல்லி அவர் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தானாகவே ஒட்டிக்கொள்ளும். பிராண்ட் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு குறையும். விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அப்போதும் போகாது. மேலோட்டமாகப் பார்த்துத் தெரியாத குறைக்கு அது முழுமையாகப் பொருந்தும். 59-வது பிரிவு, உத்தரவாதம் மீறப்பட்டால் இழப்பீடு கேட்கலாம் என்கிறது.

எவ்வளவு இழப்பீடு என்பதை இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 73-வது பிரிவு சொல்கிறது. மீறலால் வழக்கமான போக்கில் இயல்பாக விளையும் இழப்பும், ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பும் எதிர்பார்த்திருந்த இழப்பும் கிடைக்கும். தொலைவான, சுற்றுவழி இழப்பு கிடைக்காது. இந்தப் பிரிவின் வேர் ஓர் உதிரிபாகத் தகராறு. 1854-ல் முடிந்த ஹாட்லி எதிர் பாக்சன்டேல் வழக்கில், கிளாஸ்டர் நகர மாவு மில்லின் கிராங்க் ஷாஃப்ட் உடைந்தது. புதிய ஷாஃப்டுக்கு அளவு எடுக்க உடைந்ததைக் கிரீனிச்சுக்கு அனுப்பினார்கள். எடுத்துச் சென்றவர் தாமதம் செய்ததால் மில் நின்றது. மாற்று ஷாஃப்ட் இல்லை என்பது எடுத்துச் சென்றவருக்குத் தெரிவிக்கப்படவில்லை; அதனால் மில் நின்ற நஷ்டம் கிடைக்காது என்றது நீதிமன்றம். 73-வது பிரிவுக்குக் கீழே தரப்பட்ட உதாரணங்களிலும் மில்லுக்கு எந்திரம் கொண்டு போகும் கதை ஒன்று வருகிறது.

இந்த அளவுகோலைப் பேரிங் மீது வைத்துப் பாருங்கள். வாடகைக் கார் ஒரு வாரம் ஓடாமல் நின்ற நஷ்டம் கடைக்காரருக்குச் சொல்லப்படாத செய்தி. அது கிடைப்பது கடினம். கழற்றி மாட்டும் கூலி அப்படியல்ல. கிளட்ச் பேரிங்கை வாங்குகிறவர் அதை அலமாரியில் வைத்து அழகு பார்க்கப் போவதில்லை என்பது விற்பவருக்குத் தெரியும். கியர்பாக்ஸை இறக்காமல் அதை மாட்டவோ கழற்றவோ முடியாது என்பதும் தெரியும். இதைவிட “வழக்கமான போக்கில் இயல்பாக விளையும்” இழப்பு வேறு என்ன இருக்க முடியும்? ஆகவே பாகம் உற்பத்தியில் பழுது என்று நிரூபணமானால், கூலி சட்டப்படி விற்றவரின் கடன் என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது.

பெட்டிக்குள் இருக்கும் வாரண்டிச் சீட்டு இதை அடைத்துவிடுமா? வெளிப்படையான உடன்பாட்டால் இந்த நிபந்தனைகளை விலக்கலாம் என்கிறது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 62-வது பிரிவு. பணம் கொடுத்து, பெட்டியைப் பிரித்த பிறகு கண்ணில் படும் சீட்டை உடன்பாடு என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வியை எழுப்ப இடமுண்டு. ஆனால் 5,000 ரூபாய் கூலிக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் அதை எழுப்புகிறவர் யார்?

மலிவான நீதிமன்றமும் அதன் வாசலும்

அதற்காகத்தானே நுகர்வோர் ஆணையம்? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20-ல். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். தேசிய உதவி எண் 1915. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். குறையுள்ள பொருளை விற்றுவிட்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள்ளோ, காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளோ திரும்ப எடுக்க மறுப்பது இந்தச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பில்லில் அச்சடித்தால் மட்டும் தப்பிக்க முடியாது.

சொந்தக் காரின் உரிமையாளருக்கு இந்த வாசல் திறந்திருக்கிறது. தானே ஓட்டிப் பிழைக்கும் டாக்சிக்காரரும் சுயதொழில் விலக்கின்படி நுகர்வோர்தான். ஆனால் உள்ளே போன பிறகு சில தூண்களில் முட்டிக்கொள்ள நேரிடும். சட்டத்தின் புதிய பகுதியான பொருள் பொறுப்பு அத்தியாயத்தைக் கூலிக்குப் பயன்படுத்த முடியாது. ‘தீங்கு’ என்பதன் வரையறையிலிருந்து பொருளுக்கே ஏற்படும் சேதத்தையும் பொருளாதார இழப்பையும் அது விலக்கிவிடுகிறது. உடைந்த பேரிங்கால் விபத்து நடந்து கை ஒடிந்தால் அந்த அத்தியாயம் உதவும். கூலி நஷ்டத்துக்கு உதவாது. இழப்பீடு கேட்கும் வழக்கமான பிரிவிலோ எதிர்த்தரப்பின் கவனக்குறைவு என்ற சொல் இருக்கிறது. அச்சடித்த நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று தாக்க வேண்டுமானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்கான கட்டணத்தை மனுதாரரைக் கட்டச் சொல்லலாம். தகராறுத் தொகையைவிட ஆய்வுச் செலவு பெரிதாகிவிடும் வாய்ப்பு இங்கே எப்போதும் உண்டு.

மெக்கானிக்குக்கோ வாசலே மூடியிருக்கிறது. மறுவிற்பனைக்காகப் பொருள் வாங்குகிறவர் நுகர்வோர் அல்லர் என்று சட்டம் சொல்கிறது. கடையில் வாங்கி, லாபம் வைத்து, வண்டிக்காரருக்கு பில் போட்டவர் மறுவிற்பனையாளர். வண்டிக்காரர் ஆணையத்தில் மெக்கானிக்கை நிறுத்திக் கூலியை வாங்கிவிடலாம். மெக்கானிக் அதே ஆணையத்தில் கடைக்காரரை நிறுத்த முடியாது. மலிவான, விரைவான வழி கீழ்ப்படிக்கு மட்டும் இருக்கிறது. அடுத்த படிக்கு உரிமையியல் வழக்கு. ஏணியில் ஒரு படி உடைந்திருப்பது இங்கேதான்.

ஜெர்மனி படியைப் பொருத்திய விதம்

ஐரோப்பாவில் இதே கேள்வி காரில் இல்லாமல் தரை ஓட்டில் வந்தது. ஜெர்மானியர் ஒருவர் வீட்டுக்குத் தரை ஓடு வாங்கினார்; விலை சுமார் 1,382 யூரோ. மூன்றில் இரண்டு பங்கு பதித்த பிறகுதான் ஓட்டில் நிழல்நிழலாகக் குறை தெரிந்தது. பெயர்த்து எடுத்துப் புதிதாகப் பதிக்கும் முழுச் செலவை நிபுணர் சுமார் 5,830 யூரோ என்று கணித்தார். இன்னொருவர் இணையத்தில் வாங்கிய பாத்திரம் கழுவும் எந்திரம், பொருத்திய பிறகு பழுது. இரண்டையும் சேர்த்து விசாரித்த ஐரோப்பிய நீதிமன்றம், 2011 ஜூன் 16 அன்று, நுகர்வோர் நல்லெண்ணத்தோடு பொருத்திய பிறகு பழுது தெரிந்தால், கழற்றி மறுபடி பொருத்துவதை விற்றவரே செய்ய வேண்டும் அல்லது அதன் செலவை ஏற்க வேண்டும் என்றது. ஓட்டைப் பதித்தது விற்றவர் அல்ல என்பதோ, அவர் மேல் தவறில்லை என்பதோ அதற்குத் தடையாகவில்லை. செலவு அளவுக்கு மீறினால் உரிய அளவுக்குக் குறைக்கலாம் என்ற விலக்கு மட்டும் தந்தது.

ஆனால் அது நுகர்வோருக்கு மட்டும். 2012-ல் ஜெர்மன் உச்ச நீதிமன்றத்தின் முன் செயற்கைப் புல் மைதானம் அமைக்கும் நிறுவனம் ஒன்று வந்தது. பழுதான ரப்பர் துகளை வாங்கிப் பரப்பிவிட்டு, அள்ளி எடுத்து மறுபடி பரப்பும் செலவைக் கேட்டது. வணிகருக்கும் வணிகருக்கும் இடையே அந்த உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் மெக்கானிக் நிற்கும் அதே இடம். கைவினைத் தொழிலாளர் அமைப்புகள் வலுவாக உள்ள நாடு அது. வாடிக்கையாளருக்கு இலவசமாகத் திரும்பச் செய்துவிட்டு நஷ்டத்தைத் தாமே சுமக்கிறோம் என்ற முறையீடு நாடாளுமன்றத்தை எட்டியது. 2018 ஜனவரி 1 முதல் குடிமைச் சட்டத்தின் 439-வது பிரிவு திருத்தப்பட்டது. வாங்கியவர் நுகர்வோரா வணிகரா என்ற பேதமில்லாமல், பொருளை அதன் இயல்புக்கும் பயனுக்கும் ஏற்பப் பொருத்தியிருந்தால், கழற்றி மாட்டும் அவசியச் செலவு விற்றவருடையது. 445ஏ பிரிவு, அந்த விற்பனையாளர் தனக்கு விற்றவரிடம் அதைக் கேட்டு வாங்கவும், அவர் அடுத்தவரிடம் போகவும் வழி செய்கிறது. சரக்கு வந்ததும் வணிகர் பரிசோதித்துக் குறை இருந்தால் உடனே சொல்ல வேண்டும் என்ற பழைய கடமையை மட்டும் விட்டுவைத்தார்கள்.

பிரிட்டனின் நுகர்வோர் உரிமைச் சட்டம், 2015, மாற்றித் தருவதற்கான அவசியச் செலவுகளை விற்றவர் ஏற்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் கூலியையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அமெரிக்கா வேறு பாதை. 1975-ன் மேக்னசன்–மாஸ் சட்டம், வாரண்டியை ‘முழு’, ‘வரையறுத்த’ என்று இரண்டாகப் பிரிக்கிறது. முழு வாரண்டி என்றால் செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும், வரையறுத்த வாரண்டியில் பாகம் மட்டும், கூலி இல்லை என்று எழுதலாம். உதிரிபாகங்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகைதான். சட்டம் விட்ட இடத்தை அங்கே சந்தை ஓரளவு நிரப்பியது. நாப்பா போன்ற பாக விற்பனைச் சங்கிலிகள், தங்களோடு இணைந்த ஒர்க்‌ஷாப்புகளில் மாட்டினால் பாகத்துக்கும் கூலிக்கும் 24 மாதம் அல்லது 24,000 மைல் உத்தரவாதம் தருகின்றன. ஆலைக்கு அந்தச் செலவைப் பரப்ப முடியும் என்ற வாதத்துக்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

பில் இல்லாத உரிமை

ஜெர்மன் சட்டத்தை அப்படியே தமிழில் எழுதிக்கொண்டாலும் இங்கே அது ஓடுமா என்ற சந்தேகம் நியாயமானது. காரணம் பில். கார் உதிரிபாகங்களில் பெரும்பாலானவற்றுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி இருந்த காலத்தில், “பில் வேணும்னா விலை வேற சார்” என்ற வசனம் தொழிலில் வேரூன்றிவிட்டது. கைச்சீட்டில் பாகத்தின் எண் இருக்காது. தேதி மட்டும் இருக்கும், அதுவும் சில சமயம்தான். டூப்ளிகேட் அயிட்டம் நுழைவதும் இந்தச் சந்துவழியே. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கு ஒரே சீராக 18 சதவீதம் என்று குறைந்திருக்கிறது. வரி குறைந்ததால் பில்லைத் தவிர்க்கும் ஆசை குறையுமானால், கூலி உரிமைக்கு அது மறைமுகமாகக் கிடைத்த உதவி.

இன்னொரு பழக்கமும் ஆதாரத்தை அழிக்கிறது. பழைய பாகத்தைக் கொடுத்தால்தான் புதியது என்கிறார் கடைக்காரர். கொடுத்த கணத்தில் பழுதுக்கான ஒரே சாட்சி கைமாறிவிடுகிறது. படம் எடுத்துவைத்து, பாக எண்ணும் குறையும் குறித்த ரசீது வாங்கிக்கொண்டு கொடுப்பது எளிய காரியம். யாரும் செய்வதில்லை.

சர்வீஸ் சென்டருக்கே போய்விடலாமே என்று சொல்பவர்கள் உண்டு. அங்கே கூலிக்கும் சேர்த்துப் பாதுகாப்பு கிடைப்பது உண்மை. அந்தப் பாதுகாப்பே வெளியாட்களை ஒதுக்கும் சுவராகவும் பயன்பட்டது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது, அசல் பாகங்களை வெளிச்சந்தையில் விடாததும், வெளியே பழுதுபார்த்தால் வாரண்டி மொத்தமாக ரத்து என்று மிரட்டுவதும் குற்றச்சாட்டில் இருந்தன. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமை முயற்சியிலும் வாகனத் துறை சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் பாகம் தடையில்லாமல் கிடைப்பது உரிமையின் ஒரு பாதி. கிடைத்த பாகம் பழுதானால் கூலியை யார் ஏற்பது என்பது மறுபாதி. அதைப் பற்றிய பேச்சு இன்னும் எழவில்லை.

முடிவாக

இன்று உள்ள சட்டத்தை வைத்தே கணக்கைப் பிரித்துவிடலாம். பாகத்தை வாங்கி லாபம் வைத்து மாட்டியவர், பாகம் பழுதானால் வண்டிக்காரரிடம் இரண்டாம் கூலி கேட்கக் கூடாது. வண்டிக்காரரே வாங்கிக் கொடுத்த பாகம் பழுதானால், இரண்டாம் வேலைக்கும் மெக்கானிக்குக் கூலி உண்டு. அதை வண்டிக்காரர் விற்ற கடையிடம் கேட்க வேண்டும். மாட்டியதில் தவறு என்றால் மாட்டியவர் இலவசமாகச் செய்வதோடு பாகத்தின் விலையையும் தர வேண்டும். பாகத்தில் லாபம் எடுத்தவர் எவரோ அவர் வழியாகக் கூலியும் ஏற வேண்டும் என்பதே முதல் இரண்டுக்கும் பொது விதி. தன் கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு, பாகத்தை வண்டிக்காரரையே வாங்கச் சொல்லும் மெக்கானிக்குகள் பெருகுவது சோம்பலால் அல்ல. லாபத்தை விட்டால் பொறுப்பும் விடும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

புதிதாகச் செய்ய வேண்டியது பெரிய சட்டம் அல்ல. சரக்கு விற்பனைச் சட்டத்தில் ஒரு பிரிவு போதும்: மற்றொன்றில் பொருத்துவதற்காகவே விற்கப்படும் பொருள் பழுதானால், கழற்றி மாட்டும் நியாயமான கூலி விற்றவருடையது, அவர் தனக்கு விற்றவரிடம் அதை வசூலிக்கலாம், பெட்டிக்குள் இருக்கும் சீட்டு அதைத் தடுக்காது. நியாயமான கூலி எவ்வளவு என்பதில் தகராறு வராமலிருக்க, கார் கம்பெனிகள் தங்கள் டீலர்களுக்குத் தரும் நேரக் கணக்கையே அளவுகோலாக்கலாம். மாட்டியது சரிதானா என்று பார்க்கும் உரிமை ஆலைக்கு இருக்கட்டும். டர்போ கம்பெனிகள் இன்று செய்வதைப் போலப் பிரித்துப் பார்த்துக் காரணத்தை எழுத்தில் தரட்டும். அதுவரை பழுதான பேரிங்கைச் செய்த ஆலை நூறு ரூபாய்ச் செலவோடு தப்பிக்கும். அதன் தரக் கட்டுப்பாட்டின் விலையை, கியர்பாக்ஸுக்குக் கீழே படுத்து வேலை செய்பவர் தன் ஒரு நாள் கூலியால் கட்டிக்கொண்டிருப்பார்.